சாக்கடைக்கு மட்டம் தெரியும்

வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ஒரே இரவில் அடைத்துக்கொள்வதாகத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. தீபாவளிக்கு முதல் நாளோ, உறவினர்கள் வந்து வீடு நிறைந்திருக்கும் விசேஷ நாளிலோ, குளியலறைத் தரையில் கறுத்த தண்ணீர் ஏறி நிற்கும்போது, "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்று சொல்கிறோம். நேற்றும் அது நன்றாக இருந்திருக்காது. பாதி அடைபட்ட குழாய் நான்கு பேர் பயன்படுத்தும் தண்ணீரை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தது. பத்துப் பேர் குளித்த நாளில் அதனால் முடியவில்லை, அவ்வளவுதான். அதற்கு வெகு முன்பே அது சில அடையாளங்களைக் காட்டியிருக்கும். மாடியில் யாரோ வாளியைக் கவிழ்த்தால் கீழ்வீட்டுக் கழிப்பறைக் கோப்பையில் குளுக் குளுக்கென்று சத்தம் கேட்கும். வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றும்போது குளியலறை ஓட்டையில் நுரை எட்டிப் பார்க்கும். மழையே இல்லாத நாளில் சேம்பர், அதாவது குழாய்கள் சேரும் மூடி போட்ட சிறு தொட்டி, அதன் மூடியோரம் ஈரமாக இருக்கும். மதிலோரத்தில் ஓர் இடத்தில் மட்டும் புல் அளவுக்கு மீறிச் செழித்திருக்கும்.

சென்னை மேற்கு மாம்பலத்தில், எங்கள் குடும்பத்தின் பழைய வீட்டில் கீழ்த்தளத்தில் நாங்களும் மாடியில் ஒரு குடித்தனமுமாக இருக்கிறோம். இந்த வீட்டின் குழாய்களோடு மல்லுக்கட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு: கழிவுநீர்ப் பிரச்சினைகளில் முக்கால்வாசி, மட்டத்தைப் பற்றிய பிரச்சினைகள். எந்த இடம் எதைவிட உயரம், எது எதைவிடத் தாழ்வு என்பது தெரிந்துவிட்டால், அடைப்பு எங்கே இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும், எதைத் தோண்ட வேண்டும், எதைத் தோண்டவே வேண்டாம் என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் அந்தக் குளுக் சத்தத்தைப் பற்றி. கழிப்பறைக் கோப்பையின் வளைவிலும், குளியலறைத் தரையில் இருக்கும் நானி டிராப்பிலும் சுமார் 2 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். குழாய்க்குள் இருக்கும் துர்நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான். மேலிருந்து நீர் வேகமாக இறங்கும்போது குழாயில் உள்ள காற்று எங்காவது போக வேண்டும். மொட்டை மாடி வரை செல்லும் வென்ட் பைப்பும் கீழே உள்ள குழாயும் திறந்திருந்தால் அது சத்தமில்லாமல் போய்விடும். வழி அடைபட்டிருந்தால், அது அந்தத் தேங்கிய தண்ணீரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வருகிறது, அல்லது அதை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. ஆகவே சத்தம் மட்டும் கேட்டு, தண்ணீர் தடையின்றி இறங்கினால், குழாயைக் குத்துவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய் வென்ட் பைப்பின் வாயைப் பார்ப்பது நல்லது. வெயிலில் மூடி உடைந்து காய்ந்த இலைகளும் குருவிக்கூடும் அதற்குள் விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையில் நாற்றம் அடித்தால் அதற்குக் காரணம் இன்னும் எளியது: டிராப்பில் இருந்த தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

அடைப்பு என்று உறுதியானால், அடுத்துப் பார்க்க வேண்டியது அது எத்தனை இடங்களில் தெரிகிறது என்பது. சமையலறைத் தொட்டியில் மட்டும் தண்ணீர் நின்றால் கோளாறு அந்தத் தொட்டியின் குழாயில்தான் இருக்கிறது. கழிப்பறையும் குளியலறையும் ஒரே நேரத்தில் மந்தமானால், இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே அடைத்திருக்கிறது. மாடியில் எல்லாம் சரியாக இருக்க, கீழ்வீட்டில் மட்டும் தண்ணீர் மேலே வந்தால், மாடிக் குடித்தனக்காரர் புண்ணியவான் என்றோ நாம் பாவம் செய்தவர்கள் என்றோ அதற்கு அர்த்தமில்லை. அவர்கள் ஊற்றும் தண்ணீர்தான் தாழ்ந்த இடம் தேடி நம் தரைக்கு வருகிறது. அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, மாடியில் யாரும் குழாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது. பிளம்பரைக் கூப்பிடுவது அதற்கு அப்புறம்தான்.

பிறகு சேம்பர்கள். தனி வீடுகளில் பக்கவாட்டுச் சந்து நெடுகவும், குழாய் திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சேம்பர் இருக்கும். தெருவை ஒட்டிக் கடைசிச் சேம்பர் இருக்கும். இவற்றின் மூடிகளைத் தெருப் பக்கத்திலிருந்து பின்கட்டு வரை வரிசையாகத் திறந்து பார்த்தாலே, காசு செலவில்லாமல் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். கடைசிச் சேம்பர் காய்ந்து கிடக்கிறது, அதற்கு முந்தியது விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது என்றால், அடைப்பு இரண்டுக்கும் இடையே இருக்கிறது. கடைசிச் சேம்பரும் நிரம்பியிருந்தால் கோளாறு அதற்கு அப்பால், தெருவை நோக்கி. மூடியைத் திறந்தவுடன் குனிந்து முகத்தை நீட்ட வேண்டாம். சற்று நேரம் விலகி நிற்க வேண்டும், தீக்குச்சி கிழிக்கக் கூடாது. எந்தக் குழாய் எந்தச் சேம்பருக்குப் போகிறது என்று சந்தேகமாக இருந்தால், துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கொஞ்சம் கோப்பையில் ஊற்றித் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் பின்கட்டுக் கழிப்பறைக் குழாய், நாங்கள் நினைத்திருந்த இடப்புறச் சந்தில் போகவில்லை, கூடத்துக்கு அடியில் நேராகப் போகிறது என்பது அந்த நீலத்தால்தான் தெரிய வந்தது. கட்டியவர்களும் இல்லை, வரைபடமும் இல்லை என்ற நிலையில் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் பிளம்பர் பெரியவர், இரண்டாவது சேம்பரில் மூங்கில் பிளாச்சை விட்டு முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே, "சார், இது துணியோ கவரோ இல்ல. வேரு. கையிலயே தெரியுது பாருங்க, ரப்பர் மாதிரி இழுக்குது" என்றார். "எவ்வளவு தூரத்துலங்க இருக்கு?" என்று கேட்டேன். பிளாச்சில் ஈரம் ஏறியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்து வெளியே இழுத்து, அதைத் தரையில் கிடத்திச் சேம்பரிலிருந்து அளந்து காட்டினார். அந்த முனை சரியாக மதிலோரத்துப் புங்க மரத்துக்கு நேராக வந்து நின்றது. பிறகு கொக்கி மாட்டி இழுத்தபோது வந்தது, முழங்கை நீளத்துக்குச் சடை போல் பின்னிக்கொண்ட வேர்க்கற்றை. ஒவ்வொரு இழையும் தலைமுடியை விடச் சற்றுத்தான் தடிமன். அவற்றின் நடுவே வெண்ணெய் நிறத்தில் கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும், பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருள் ஒன்றும், எண்ண முடியாத அளவுக்குப் பஞ்சுக் குச்சிகளும் சிக்கியிருந்தன.

வேர் குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைவதாகப் பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் அது ஏற்கனவே கசியும் இணைப்பின் வழியாகத்தான் நுழைகிறது. பழைய வீடுகளில் பதித்திருப்பது ஸ்டோன்வேர் எனப்படும் சுட்ட மண் குழாய். இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, சணலும் சிமென்டுக் கலவையும் வைத்து அடைத்திருப்பார்கள். முப்பது அடித் தூரத்துக்குள்ளேயே பத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் வந்துவிடும். மண் சற்று இறங்கினாலும், மேலே கனமான வண்டி நின்றாலும், எங்காவது ஓர் இணைப்பில் மயிரிழை விரிசல் விழுகிறது. கோடையில் சுற்றிலும் மண் காய்ந்து கிடக்கும்போது அந்த ஒரு விரிசலிலிருந்து மட்டும் ஈரமும் எருவும் கசிந்தால் மரம் சும்மா இருக்குமா? ஆகவே வேரை வெட்டி எடுப்பது தற்காலிக நிவாரணம் மட்டுமே. அதே வேர் அதே வழியாகத் திரும்ப வரும். இணைப்பைத் தோண்டிச் சரிசெய்ய வேண்டும், அல்லது அந்தப் பகுதியை மட்டுமாவது பிவிசி குழாயாக மாற்ற வேண்டும். மரத்தை வெட்டிவிடலாம் என்று யோசனை சொல்ல ஆள் உடனே கிடைப்பார்கள். அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. அதே குழாயின் வேறோர் இணைப்பில் பக்கத்து வீட்டுத் தென்னையின் வேர் நுழைந்தால் என்ன செய்வது?

பிவிசிக்கு மாற்றும்போதும் மட்டம்தான் முக்கியம். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி, 6 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓரடி என்று பழைய பொறியாளர்கள் வைத்திருந்த கணக்கு நினைவில் வைத்துக்கொள்ள எளிது: குழாயின் அங்குலத்தைப் பத்தால் பெருக்கினால் சரிவு கிடைத்துவிடும். சரிவு போதவில்லை என்றால் கழிவு வழியிலேயே தங்கிவிடும். அதனால் சரிவை அள்ளிக் கொடுத்துவிட வேண்டும் என்பதும் இல்லை. சரிவு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதுதான் அதைவிட முக்கியம். நடுவில் ஓரிடத்தில் குழாய் தொய்ந்திருந்தால் அந்த வயிற்றில் எப்போதும் அழுக்குத் தேங்கும். எத்தனை முறை குத்தினாலும் சில மாதங்களில் அதே இடத்தில் அடைக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைப்பு வருகிறது, ஆனால் வேரும் வரவில்லை, துணியும் வரவில்லை என்றால், தொய்வைத்தான் சந்தேகிக்க வேண்டும். இப்போது குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பவர்கள் சென்னையில் கிடைக்கிறார்கள். கூடத்துத் தரையை உடைப்பதற்கு முன்பு அந்தச் செலவைச் செய்வது புத்திசாலித்தனம்.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சூடாக ஊற்றும்போது எண்ணெய் தண்ணீர் போல ஓடிவிடும், பத்தடி தள்ளிப் போய்க் குளிர்ந்து படியும். இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். வாணலியைக் கழுவும் முன் பழைய செய்தித்தாளால் ஒருமுறை துடைத்தால் பாதி வேலை முடிந்தது. நாப்கின், டயப்பர், ஈரத் துடைப்புத்தாள் ஆகியவற்றுக்குக் கழிப்பறை இடமில்லை. 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் இல்லை.

அடைப்பை எடுக்கும் பொடிகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காஸ்டிக் சோடா, தொட்டியின் கீழே உள்ள வளைவில் படிந்த கொழுப்பைக் கரைக்கலாம். சந்தில் முப்பதடி தள்ளி இருக்கும் வேருக்கு அது ஒன்றும் செய்யாது. முழுதாக அடைத்துக்கொண்ட குழாயில் ஊற்றினால் அங்கேயே தேங்கிச் சூடேறி, பிவிசியை இளக்கிவிடக்கூடும். கழிப்பறைக்கு ஆசிட்டும் ஊற்றி, அடுத்த நிமிடமே பிளீச்சிங் பவுடரும் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது விபரீதம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் ஊற்றியது எங்கும் போகாமல் சேம்பரில்தான் நிற்கும். பிறகு வந்து அதைத் திறப்பவரின் கையிலும் கண்ணிலும் அதுவே தெறிக்கும். பிளம்பர் வந்தவுடன், உள்ளே என்ன ஊற்றியிருக்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுவது நம் கடமை.

இனி தெருப் பக்கம். சென்னை கிட்டத்தட்டச் சமதரையில் அமைந்த ஊர். கழிவுநீர் தானாக ஓடிச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கும் கொடுங்கையூரோ கோயம்பேடோ நெசப்பாக்கமோ பெருங்குடியோ போய்ச் சேர்ந்துவிடாது. ஆங்காங்கே நீரேற்று நிலையங்களில் பம்பு வைத்து ஏற்றித்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். பம்புகள் ஈடுகொடுக்க முடியாதபோது தெருவின் பிரதானக் குழாய் நிரம்பி, கழிவுநீர் மேன்ஹோல்களுக்குள் ஏறுகிறது. எவ்வளவு உயரம் ஏறும்? மேன்ஹோல் மூடியின் மட்டம் வரை. அதற்கு மேல் தெருவில் வழிந்துவிடும். ஆகவே உங்கள் குளியலறைத் தரை அந்த மூடியைவிட உயரமாக இருக்கும்வரை அசிங்கம் தெருவில் ஓடும். தரை தாழ்ந்திருந்தால், தெருவை எட்டுவதற்கு முன்பே உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும்.

கட்டியபோது தெருவைவிட மூன்று படி உயரத்தில் இருந்த வீடுகள் இன்று தெருவைவிடத் தாழ்ந்து கிடப்பதற்குக் காரணம், பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலையைப் போட்டுக்கொண்டு வந்ததுதான். பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே மேல்தளம் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதற்குள் பல தெருக்கள் ஏற வேண்டிய உயரத்துக்கு ஏறிவிட்டன. ஒவ்வொரு முறை சாலை உயரும்போதும் மேன்ஹோல் மூடியும் உயர்த்தப்படுகிறது. அதாவது, கழிவுநீர் ஏறி நிற்கக்கூடிய உச்சமும் உயர்கிறது. நம் தரை மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. கொத்தனார்கள் வைத்திருக்கும் கண்ணாடி டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தெரு மேன்ஹோல் மூடியிலும் மறுமுனையைக் குளியலறைத் தரையிலும் பிடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பழைய சென்னையில் வீடு வாங்கப் போகிறவர்கள் வாஸ்து பார்க்கும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கும் ஒதுக்கலாம்.

தாழ்ந்த வீடுகளுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. அதைப் பலர் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். வெளியே முற்றத்தில் கழிவுநீர் இறங்கும் நீர்ப்பூட்டுக் குழியான கல்லி டிராப்பின் வாயும் சேம்பர் மூடியும் குளியலறைத் தரையைவிடத் தாழ்வாக இருந்தால், எதிர்த்து வரும் கழிவுநீர் முதலில் முற்றத்தில் வழியும். அது அருவருப்புதான், ஆனால் வீட்டுக்குள் வராது. கரப்பான் வருகிறது என்று அந்த மூடிகளைச் சுற்றிலும் சிமென்டு வைத்துப் பூசிவிட்டால், வெளியேற வேறு வழியில்லாமல் நீர் குளியலறை ஓட்டையைத் தேடி வருகிறது.

நீரை ஒரே திசையில் மட்டும் விடும் 'நான்-ரிட்டர்ன்' வால்வைப் பொருத்துவது இன்னொரு வழி. அது நல்ல தீர்வுதான், ஆனால் பொருத்தும் இடம் தவறினால் தீமை அதிகம். தெருவிலிருந்து நீர் எதிர்த்து வரும்போது வால்வு மூடிக்கொள்ளும். அப்போது வீட்டிலிருந்தும் நீர் வெளியே போக முடியாது. கடைசிச் சேம்பருக்கு முன்னால் எல்லாக் குழாய்களுக்கும் பொதுவாக அதை வைத்துவிட்டு, மாடியில் இருப்பவர்கள் வழக்கம்போல் குளித்துக்கொண்டிருந்தால், தெருவின் கழிவுக்குப் பதிலாக மாடியின் கழிவு நம் தரையில் நிற்கும். கீழ்த்தளக் குழாய்க்கு மட்டும் வால்வை வைத்து, மாடிக் குழாயைத் தனியாகக் கொண்டுபோய் வால்வுக்கு அப்பால் கடைசிச் சேம்பரில் சேர்ப்பதே முறை. நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை வால்வைத் திறந்து, உள்ளே மூடிக்கொள்ளும் தகட்டைக் கழுவவில்லை என்றால், அதன் விளிம்பில் ஒரு துணித்துணுக்கு சிக்கி, வால்வு இருந்தும் இல்லாத கதையாகிவிடும்.

மழைக்காலம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு; முன்னது மாநகராட்சியுடையது, பின்னது மெட்ரோ வாட்டர் எனப்படும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையது. முற்றத்தில் மழைநீர் தேங்கினால் சேம்பர் மூடியைத் தூக்கி அதை உள்ளே வடிய விடும் பழக்கம் ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் இருக்கிறது. கழிவுக்கென்று கணக்கிட்டுப் பதித்த குழாயில் தெருவே தன் மழைநீரைக் கொட்டினால், அந்தத் தெருவிலேயே தாழ்ந்த வீடு எதுவோ அங்கே அது வெளிவருகிறது. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவன் என்ற முறையில், இந்தப் பழக்கத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கடைசிச் சேம்பர் நிரம்பியிருந்தால் மெட்ரோ வாட்டரின் 1916 எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, டிப்போ எனப்படும் அதன் பகுதி அலுவலகத்திலும் நேரில் சொல்வது பலன் தருகிறது. ஜெட் ராடிங் வண்டி வந்து நீரை அழுத்தத்தோடு பாய்ச்சினால் தெருக்குழாயின் அடைப்பு பெரும்பாலும் விலகிவிடும். வண்டி வரத் தாமதமாகும்போது, "ஆள் இறக்கிப் பார்த்துடலாம் சார், சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று யாராவது சொல்வார்கள். இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. முட்டை அழுகிய நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, அடர்த்தி கூடினால் முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் நொடியில்தான் ஆபத்து மிக அதிகம். இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் படித்துவருகிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை உள்ளாட்சிக்கு மட்டுமல்லாமல் தனிநபருக்கும் தடை செய்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமாக நிர்ணயித்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளித்துக்கொள்ளலாம்.

அடைப்பு நீங்கியதும் ஓய்ந்துவிடாமல், தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியான சம்ப்பைப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இடமின்மையால் குடிநீர்ச் சம்ப்பும் கழிவுநீர்ச் சேம்பரும் பல இடங்களில் நாலடி தூரத்தில் அருகருகே இருக்கின்றன. சேம்பர் வழிந்தபோது சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருந்திருந்தால், உள்ளே கலந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, பிளீச்சிங் பவுடரால் கழுவி, சில நாள் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். மூடியின் விளிம்பை அரையடியாவது உயர்த்திக் கட்டிவிட வேண்டும். தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுபவர்கள் இன்னொரு வழியிலும் அபாயத்தை வரவழைக்கிறார்கள்: உறிஞ்சும்போது குடிநீர்க் குழாயில் விரிசல் இருந்தால், சுற்றியுள்ள மண்ணில் ஊறிக் கிடக்கும் கழிவுநீரையும் அது இழுத்துக்கொள்ளும்.

புதுக் குழாய் பதித்த பள்ளத்தை மூடுவதற்கு முன், கீழ்முனையை அடைத்து மேல்முனை வரை நீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவைத்து, அரை மணி கழித்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். மேஸ்திரி முகம் சுளிப்பார், பரவாயில்லை. கல்லும் உடைசெங்கல்லும் கலந்த மண்ணை நேராகக் குழாயின்மேல் தள்ளாமல், முதலில் மணல் போடச் சொல்ல வேண்டும். மூடுவதற்குள் சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்பது தெரியும்படி டேப்பைப் பிடித்தே படம் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சந்துக்கு டைல்ஸ் ஒட்ட வந்தவர், நடுவில் இருக்கும் சேம்பர் பார்வைக்கு நன்றாக இல்லை, மேலேயே ஒட்டிவிடுகிறேன் என்றார். அதற்கென்றே பள்ளமான சட்டத்தோடு மூடிகள் கடையில் கிடைக்கின்றன. டைல்ஸ் அதற்குள் உட்கார்ந்துகொள்ளும், கொக்கி போட்டால் மூடி தூக்க வரும். வாங்கிவந்து கொடுத்தேன், போட்டுவிட்டுப் போனார்.